பச்சை மைக் குறிப்பு

வைத்தியலிங்கம் ஒரு மாவட்டத்தின் கலை அலுவலர். அவர் வணங்கும் குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் விழுந்து கும்பிடும்போது வைத்தியலிங்கத்துக்கு முழங்கால்தான் வலிக்குமே தவிர, கௌரவம் வலித்ததில்லை.

அன்று கும்பிட்டு எழுந்ததும் ஒரு சாவியை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார்.

"எங்க ஆபீஸ்ல கூத்துக் கலைஞர் மன்றத்துக்கு ஒரு ரூம் குடுத்திருந்தோம் சாமி. அதோட சாவி. நேத்து பூங்காவனம் அம்மா என் மேசையில வெச்சுட்டுப் போயிட்டாங்க."

பூங்காவனம் அந்த மன்றத்தின் செயலாளர். ஆடவோ பாடவோ தெரியாது. ஆனால் எந்தக் குழு எந்த ஊரில் ஆடுகிறது, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு விண்ணப்பம் எழுத வராது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் கூத்து விழாவை அலுவலகம் நடத்தும். குழுக்களை அவர் அழைத்து வருவார்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒண்ணுமில்ல சார்னாங்க. அவங்க இல்லாம ஒரு குழுவும் என்னை நம்பி வராது. நான் என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல சாமி. மனசு கேக்கல."

"அவங்க எழுதின கடிதம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. கோப்பு இல்லாமல் அதிகாரி கடவுளிடம்கூடப் போகமாட்டார்.

முதல் வருஷத்துக் கடிதம் நான்கு பக்கம். சித்திரையில் விழா வைக்க வேண்டாம், அது கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் மாதம், எல்லாக் குழுவும் ஊர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கும் என்று எழுதியிருந்தார்.

"என்ன பதில் போட்டீங்க?"

"தேதியை மாற்ற இயலாது, கலைஞர்களுக்குத் தெரிவிக்கவும்னு."

"வந்தாங்களா?"

"அந்தம்மா நேர்ல போய்க் கூப்பிட்டதால வந்தாங்க. ஊர்ல குடுத்த வாக்க விட்டுட்டு வந்தாங்க."

அடுத்த வருஷத்துக் கடிதம் ஒரே பக்கம். விழாவுக்கு வந்த ஒரு குழுவை, அது வாக்குக் கொடுத்திருந்த ஊர்க்காரர்கள் இப்போது அழைப்பதில்லை, குழுவை நடத்தும் வாத்தியார் என்னோடு பேசுவதில்லை, இந்த முறையாவது தேதியை யோசியுங்கள் என்றிருந்தது. அதற்கும் பழைய பதில்தான் போயிருந்தது.

மூன்றாம் வருஷத்துக் கடிதத்தில் ஒரு வரி. 'தங்கள் உத்தரவுப்படி செய்கிறோம்.' அதன் ஓரத்தில் பச்சை மையில் ஏதோ எழுதியிருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சாமி. நல்ல ஒத்துழைப்புன்னு எழுதியிருக்கேன்." சொல்லும்போதே வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கியது. "ஒருவழியா ஆபீஸ் நடைமுறை அவங்களுக்குப் பிடிபட்டுடுச்சுன்னு நெனச்சேன். அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா இதே வரிதான் எழுதிக்கிட்டிருந்தாங்க."

வைத்தியலிங்கம் சட்டென்று எழுந்தார்.

"தேதியை மாத்திடறேன் சாமி. இப்பவே அவங்க வீட்டுக்குப் போறேன். நேத்துதானே போனாங்க, கூப்பிட்டா வந்துடுவாங்க இல்ல?"

குரு சாவியை எடுத்து அந்த ஒற்றை வரிக் கடிதத்தின் மேல் வைத்தார்.

"அவங்க போனது இந்தக் கடிதத்துல. நேத்து வந்தது சாவி மட்டும்தான்."