ஐப்பசிக்கு ஒரு இரங்கல் தீர்மானம்

"சாமி, எங்க மன்றத்துக்கு முன்யோசனையே கெடையாது"ன்னு அழுதாங்க அஞ்சலாட்சி.

அவங்க பேரூராட்சித் தலைவர். வயசு அம்பத்தாறு. சாமிக்கு அவங்க மகன் வயசு. தாடிகூட ஒழுங்கா மொளைக்கல.

பேரூராட்சி ஒரு சமுதாயக் கூடம் கட்டி, தெறப்பு விழாவத் தள்ளித் தள்ளிப் போட்டுச்சு. சாமி அதுல குடியேறி ஏழு வருஷம். அந்தக் கட்டடத்தால பலன் அடைஞ்ச ஒரே ஆளு அவருதான்.

"என்ன ஆச்சு தலைவரம்மா?"

"பள்ளத்தெருவுக்கு வடிகால் வெட்டணும் சாமி. மூணு வருஷமா கேக்குறேன். தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு ஆளுக்கு ஒரு தெசையக் காட்டுறாங்க. போன ஐப்பசில ஒருத்தர் போனாரு. அதுக்கு முந்தின ஐப்பசில ஒருத்தர். ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே முங்கிட்டாங்க. அடுத்த ஐப்பசிக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

"மினிட் புக்கு இருக்கா?"

கட்டைப்பையில இருந்துச்சு. சாமி பொரட்டினாரு.

வடிகால், ஒத்திவைக்கப்பட்டது. தெருவிளக்கு, ஒத்திவைக்கப்பட்டது. வடிகால், மறுபடி ஒத்திவைக்கப்பட்டது. தெருநாய் பிடிக்கிறது, ஒத்திவைக்கப்பட்டது. நாய்ங்க மட்டும் சந்தோசமா இருந்துச்சு.

"ஒத்திவைக்காம எதையாச்சும் நிறைவேத்துனீங்களா?"

யோசிச்சாங்க.

"இரங்கல் தீர்மானம், சாமி. செத்த ரெண்டு பேருக்கும். எல்லாரும் எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னோம். ஏகமனதா நிறைவேறுச்சு."

"ஒருத்தரும் எதுத்துப் பேசலையா?"

"மௌனத்துல எப்படி சாமி பேசுறது?"

"அப்ப அதையே முன்கூட்டிப் போட்டுருங்க."

"எத?"

"இரங்கல. முன்யோசனதானே கேட்டீங்க? பள்ளத்தெருவுல இருக்கறதுலயே தாழ்வான வீடு யாரோடது?"

அஞ்சலாட்சி மினிட் புக்கத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

"குப்புராஜ். தையல்காரர். ஒரு காலு வராது." கொஞ்சம் நிறுத்தி, "இந்த ஜாக்கெட்டு அவரு தச்சதுதான்."

"எழுதுங்க."

எழுதுனாங்க.

'ஐப்பசி மழையில் தன் வீட்டுக்குள் மூழ்கி இறக்கப்போகும் தையல்காரர் குப்புராஜுக்கு இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.'

"இதக் கேட்டா வெக்கப்பட்டாவது வடிகாலுக்குக் கை தூக்குவாங்களா சாமி?"

சாமி கொட்டாவி விட்டாரு.

பத்து நாள் கழிச்சு, கூட்டம் முடிஞ்ச கையோட வந்தாங்க. செருப்பக்கூட கழட்டல.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"'இறக்கப்போகும்'ங்கறத ரெண்டு தடவ அழுத்திப் படிச்சேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க சாமி. தலையக் குனிஞ்சுக்கிட்டு. ரெண்டு நிமிஷம். பதினோராம் வார்டு தணிகாசலம் கண்ணக்கூட தொடச்சுக்கிட்டாரு. தொடச்சுட்டு, பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட மெதுவா கேட்டாரு, 'எப்ப எடுக்குறாங்க?'ன்னு."

சாமி சிரிக்கல.

"தீர்மானம்?"

"ஏகமனதா நிறைவேறிடுச்சு."

"வடிகால்?"

"துக்கம் காரணமா கூட்டத்தையே ஒத்திவச்சாச்சு."

தெறப்பு விழாவுக்குன்னு என்னைக்கோ கட்டுன ரிப்பன், நெறம் போயி, வாசல்ல ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"எல்லாரும் ஒண்ணாவா எந்திரிச்சாங்க?"ன்னு கேட்டாரு சாமி.

"இல்ல சாமி. ஒருத்தர் எந்திரிச்சாத்தான் மத்தவங்க எந்திரிப்பாங்க. அதான் வழக்கம்."

"மொதல்ல எந்திரிச்சது யாரு?"

அஞ்சலாட்சியோட வெரலு ஜாக்கெட்டுக் கையோட தையல நெருடிக்கிட்டே இருந்துச்சு.

"நாந்தான், சாமி."