இரண்டு இன்ஜின், ஒரு வண்டி

கேள்வி கடைசியில்தான் வரும். அதுவரை தீர்ப்பைக் கையிலேயே வைத்திருங்கள். இந்தக் கதையைக் கேட்டவர்களில் பலர் பாதிவழியில் கட்சி மாறியிருக்கிறார்கள்.

கொல்லிமலைப் பாதை தொடங்கும் இடத்தில் பைக் பட்டறை வைத்திருந்தார் செங்கோடன். இடுப்புவலி வந்த பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. ஒரே பழுதை ஆயுள் முழுக்கப் பார்த்த சலிப்பும் சேர்ந்துகொண்டது. பெட்ரோல் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும், அதனால் மறக்காமல் போடுகிறார்கள். ஆயில் இல்லாவிட்டாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அதுதான் வினை.

அப்படித்தான் சாணை பிடிக்கும் காசிம் தன் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். செங்கோடன் அடிப்போல்ட்டைக் கழற்றினார். தார் போலக் கறுத்த ஆயில் கொஞ்சம் வடிந்து, சொட்டி, நின்றது. இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டைப் பிரித்தார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் முனை மழுங்கிக் கிடந்தது. ஹெட்டிலும் ஆழமான கீறல்கள். ஆயில் குறைந்தால் முதலில் வறண்டுபோவது உச்சிதான்.

"மீட்டரைப் பார்த்துத்தான் ஆயில் மாத்துவேன் அண்ணே. அது ஏறவே இல்லியே?"

"எப்படி ஏறும்? ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு, பின்சக்கரத்துல சாணைக்கல்லைச் சுத்த விடுறே. மீட்டர் முன்சக்கரத்துல இருக்குது. வண்டி நின்ன எடத்துலயே ஊரைச் சுத்தியிருக்கு, காசிம்."

கீழ்ப்பாதி தப்பித்திருந்தது. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கைக் கையால் சுற்றியபோது தடையில்லாமல் சுழன்றது. லேசான ஆட்டம் மட்டும் விரல்களுக்குத் தெரிந்தது. ஓடும், ஆனால் எவ்வளவு காலம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில்கூட அதற்கு ஹெட் கிடைக்கவில்லை. காசிம் தினமும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே அதே மாடல் வண்டி ஒன்று மினிவேனில் வந்து இறங்கியது. மலையிலிருந்து பால் கொண்டுவரும் பூவாயியின் வண்டி. அவள் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. கல் ஒன்று அடியில் பட்டு ஆயில் போல்ட் தெறித்துவிட்டது. ஆயில் முழுதும் ரோட்டில் கொட்டிப்போனது. கீழ்ப்பாதியைப் பிரித்ததும் செங்கோடன் பெருமூச்சு விட்டார். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அதோடு வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிக்கூடும் விரிசல் விட்டிருந்தது. ஆனால் ஹெட் பழுதில்லை; ஆயில் ஒரேயடியாகப் போனதால் பளு தாங்கும் கீழ்ப்பாதி உடனே இறுகிவிட்டது, உச்சி தேய நேரமே இருக்கவில்லை. சிலிண்டரில் இருந்த லேசான கீறல் உப்புத்தாளுக்கே போய்விடும்.

"சத்தம் கேக்கலியா, அம்மணி?"

"கேட்டுதுங்கண்ணா. நின்னா பால் திரிஞ்சு போயிருமேன்னு வந்துட்டேன். கொண்டை ஊசி வளைவுல பின்சக்கரம் சுத்தாம அப்படியே இறுகிப்போச்சு. நல்லவேளை, மலைப்பக்கமா விழுந்தேன்."

இரண்டு வண்டியும் பிரிந்து கிடந்தன. ஒன்றுக்குத் தலையில்லை, மற்றொன்றுக்கு உடலில்லை. செங்கோடன் இருவரையும் அழைத்து உள்ளதைச் சொன்னார்: சேர்த்தால் ஒரு வண்டி ஓடும், சேர்க்காவிட்டால் ஒன்றும் ஓடாது. இருவரும் யோசித்தார்கள். கடைசியில், "நீங்க சேர்த்துக் கட்டுங்க. யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க, கட்டுப்படறோம்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

காசிமின் வண்டியில் பூவாயியின் சிலிண்டரையும் ஹெட்டையும் ஏற்றி முடுக்கினார். புது ஆயில் ஊற்றி உதைத்தார். முதலில் இருமியது. பிறகு சீராக ஓடியது. இருவர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது, ஒரே நேரத்தில் இறுகியது.

"இன்ஜின் நம்பர் அடிச்சிருக்கறது கீழ்ப்பாதியில அண்ணே. ஆர்சி புக்கும் எம் பேருலதான்" என்றான் காசிம். "வண்டி இல்லாம ஊரூரா நடந்து போய்ச் சாணை பிடிக்க முடியுமா?"

"என்ற தலை ஏறலீன்னா அது வெறும் இரும்புங்கண்ணா" என்றாள் பூவாயி. "இவருக்காச்சும் வீட்டுல மிதிச்சுச் சுத்தற பழைய சாணை கெடக்குது. எனக்கு? விடியறதுக்குள்ள மலையை விட்டு எறங்க பஸ்ஸே இல்ல."

"காலையில நீங்க பால் கொண்டாங்க அக்கா, வெயில் ஏறுனதும் நான் எடுத்துக்கறேன்" என்றான் காசிம். பூவாயியும் தலையாட்டினாள்.

செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டே மறுத்தார். "வேண்டாம். ரெண்டு பேர் ஓட்டுற வண்டிக்கு யாருமே ஆயில் பார்க்கமாட்டாங்க."

உடல் ஒருவருடையது, உயிர் கொடுத்த தலை இன்னொருவருடையது. ஒருவர் தெரியாமல் கெடுத்தார், மற்றவர் தெரிந்தும் நிற்கவில்லை. ஒருவருக்கு மாற்றுவழி உண்டு, மற்றவருக்கு இல்லை. இப்போது சொல்லுங்கள்: செங்கோடன் அந்தச் சாவியை யார் கையில் கொடுப்பது சரி?

*

அவர் காசிமிடம் கொடுத்தார். நம்பருக்காகவும் இல்லை, புத்தகத்துக்காகவும் இல்லை. கிராங்க்கில் விரலுக்குத் தெரிந்த அந்த ஆட்டம்தான் காரணம். ஒட்டுப்போட்ட அந்த இன்ஜின் என்றோ ஒருநாள் மறுபடி இறுகும். சமவெளியில், பெரும்பாலும் ஸ்டாண்டு போட்டே வண்டியை ஓடவிடும் காசிமுக்கு அன்று ஒரு வேலை கெடும். மலை இறங்கும் பூவாயிக்கு அது வளைவில் நடந்தால் விழுவது எந்தப் பக்கமோ? செங்கோடன் சொன்ன இந்தக் காரணத்தைக் கேட்ட பூவாயி, "விழப்போறவ நான். எனக்கு வேண்டாம்னு நீங்க எப்படிங்கண்ணா முடிவு பண்ணலாம்?" என்றாள். செங்கோடன் ஸ்பேனர்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். காசிம் ஹெட்டுக்கு உண்டான பணத்தை நீட்டியபோது, அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். தீர்ப்பு சரிதான் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் தீர்ப்புச் சொன்னவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.