கூரையின் மனுவைக் குடித்த வாளி

ஒரு நகரத்தின் நட்டநடுவில் ஓர் உள்ளரங்கம் இருந்தது. பகலில் அங்கே கூடைப்பந்து விளையாடுவார்கள். சாயங்காலம் அதே இடத்தில் மேடை போட்டுக் கச்சேரி வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே தளம். அதற்கு அறுபது வயதாகியிருந்தது. அந்த வயதில் மனிதர்களுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரங்கங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை.

உள்ளே இருந்த எல்லோருக்கும் அலுப்பு. ஸ்கோர் போர்டில் எண் காட்டும் விளக்குகளில் மேல்கோடு மட்டும் எரியாது. ஏழு புள்ளி எடுத்த அணிக்கும் ஒன்று என்றுதான் காட்டும். "யார் கேட்கிறார்கள்? தோற்றவன் மட்டும் வந்து சண்டை போடுகிறான்" என்று அது சொல்லும். காலரிப் படிகளின் மேல் பதினோரு பூச்சு பெயிண்ட் ஏறியிருந்தது. "என்னைச் சுரண்டினால் கடைசியில் நான் இருக்கமாட்டேன், பெயிண்ட் மட்டும்தான் இருக்கும்" என்று காலரி சொல்லும். தேக்குப் பலகைத் தளம் மட்டும் பேசாது. தன் மேல் அறுபது வருடம் குதித்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

எல்லோரையும்விட ஓய்ந்துபோயிருந்தது கூரைதான். இரும்புச் சட்டங்களின் மேல் தகரம் வேய்ந்த கூரை. அதன் வடக்கு மூலையில் இரண்டு சட்டங்கள் சேரும் இடம் துருப்பிடித்து, தகரமும் ஓட்டை விழுந்து, மழை வந்தால் சொட்டும்.

அந்த ஓட்டைக்கு நேர் கீழே ஒரு வாளி நின்றது. இருபது லிட்டர் பெயிண்ட் வந்த காலி வாளி. அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பிச்சைக்கனி ஒரு மழை நாளில் அவசரத்துக்கு அதை அங்கே வைத்தார். அந்த அவசரம் ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. மழை வந்தால் வாளி நிரம்பும், பிச்சைக்கனி வந்து கொட்டிவிட்டுத் திரும்ப வைப்பார். மூன்று வருடத்துக்கு முன் அடியில் விரிசல் விட்டபோது தாரை உருக்கி அடைத்தார். தார் பாதி தாங்கியது; மீதியை வாளி தன் வீம்பால் தாங்கியது.

"ஒன்பது வருடமாக ஒரு சொட்டு கீழே விழவிட்டதில்லை" என்று வாளி அடிக்கடி சொல்லிக்கொள்ளும். வேறு யாரும் சொல்லாததால் அதுவே சொல்லிக்கொண்டது.

ஒரு மழை நாளில் கூரைக்குப் பொறுக்கவில்லை.

"நான் எதற்காகச் சொட்டுகிறேன் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டது.

"வயதாகிவிட்டது, சொட்டுகிறாய்."

"இல்லை. அது மனு. எனக்கு வாயில்லை, கையில்லை. என் எலும்பு இற்றுப்போயிற்று என்று சொல்ல எனக்கு இருப்பது இந்தச் சொட்டு ஒன்றுதான். நான் ஒவ்வொரு மனுவாக எழுதிப் போடுகிறேன். நீ ஒவ்வொன்றாகக் குடித்துவிடுகிறாய்."

வாளிக்குச் சுருக்கென்றது. "நான் நகர்ந்தால் தளம் ஊறிப்போகும். உனக்கு உன் எலும்பு. எனக்கு என் வேலை" என்றது.

கூரை தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. வாளி குடித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அரங்கத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தில்லைநாயகி என்ற பொறியாளர், கூட ஐந்து பேரோடு, பார்வையிட வருவதாகத் தகவல்.

எல்லோருக்கும் ஆசை பிறந்தது. ஸ்கோர் போர்டு மேல்கோடு கேட்டது. காலரி, "பன்னிரண்டாவது பூச்சு வேண்டாம், ஒருதடவை சுரண்டிவிடுங்கள்" என்றது. கூரை, "அவர்கள் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கினால் போதும்" என்றது.

ஆனால் பிச்சைக்கனிக்குப் பெரியவர்கள் வந்தால் ஒரே ஒரு வழிதான் தெரியும். பெண் பார்க்க வருகிற வீட்டைப்போல எல்லாவற்றையும் துடைத்து, ஒதுக்கி, மறைத்து வைப்பது. குறை கண்ணில் பட்டால் யாரோ தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம். அதோடு, வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்ற மரியாதை. இரண்டும் கலந்து அவருக்குள் பிரிக்க முடியாமல் கிடந்தன. முந்தின நாளே தளத்துக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தார். வடக்கு மூலையில் உயரமாக ஒரு வரவேற்புப் பேனர் கட்டினார். வாளியைத் தூக்கிக் கழிப்பறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அவர்கள் வந்த அன்று நல்ல வெயில்.

தில்லைநாயகி கையில் அட்டையோடு நடந்தார். வடக்கு மூலைக்கு வந்ததும் நின்றார்.

"கூரை எப்படிங்க? பழைய தகரமாச்சே."

"கூரைக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கு" என்றார் பிச்சைக்கனி. "கீழ பலகையைப் பாருங்க. ஒழுகுச்சுன்னா இப்படியா மினுங்கும்?"

தில்லைநாயகி குனிந்து பலகையைப் பார்த்தார். தேக்கு எண்ணெய் பூசி முகம் காட்டியது. அண்ணாந்து பார்க்கவில்லை. அட்டையில் 'கூரை: நன்று' என்று எழுதிக்கொண்டார்.

போகிற வழியில் அவர் உடன் வந்தவர்களிடம் திட்டத்தைச் சொன்னார். முகப்புக்குக் கண்ணாடி. காலரிக்குப் பெயிண்ட். புது நாற்காலிகள். திறப்பு விழாவுக்குப் பெரிய கச்சேரி. அதற்கான விளக்குகளும் ஸ்பீக்கர்களும் மொத்தமாக நாலு டன். தரையில் இடம் அடைக்காமல் எல்லாவற்றையும் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டுவிடலாம்.

சாயங்காலம் வாளி திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டது.

"நன்று என்று எழுதிவிட்டார்கள்" என்றது கூரை. "நாலு டன் தொங்கவிடப் போகிறார்கள். என்னால் என்னையே தூக்கி நிற்க முடியவில்லை, வாளி. அந்த மூலை விட்டால் மற்றச் சட்டங்களும் வரிசையாக விடும். கீழே நாலாயிரம் பேர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்."

வாளி வெறும் வயிற்றோடு நின்றது. அதற்குப் பயமாக இருந்தது.

"நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்றது.

"யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இந்த அரங்கத்தின் கதையே."

அப்போது அறுபது வருடமாகப் பேசாத தளம் பேசியது.

"என்னைக் காட்டித்தான் நன்று என்று எழுத வைத்தார்கள். என் மினுமினுப்பு நாலாயிரம் பேர் தலையில் விழுவதற்கா? வாளி, அவர்கள் அடுத்த தடவை வரும்போது மழை இருந்தால், கொட்டிவிடு."

"உன் மேலேயா?"

"என் மேல்தான். வேறு எங்கே கொட்டுவாய்?"

"பலகை உப்பிவிடும். பிடுங்கி எறிந்துவிடுவார்கள்."

"நாலைந்து பலகை போகும். அவைதான் நானா?" என்றது தளம். ஆனால் அதன் குரல் அவ்வளவு திடமாக இல்லை.

வாளிக்கு ஆற்றாமை பொங்கியது. "எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. கீழே விடாமல் பிடிப்பது. அதையும் விடச் சொல்கிறீர்கள். அப்புறம் நான் யார்?" என்று கேட்டது.

காலரி ஏதோ ஆறுதல் சொல்ல வந்து, சரியான வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டது.

மூன்று வாரம் கழித்து, சட்டத்தில் கொக்கி எங்கே மாட்டலாம் என்று குறித்துப்போகத் தில்லைநாயகி வந்தார். அன்று ஐப்பசி மழை விடாமல் அடித்தது. பிச்சைக்கனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாளியை எடுத்தால் தளம் நனையும். எடுக்காவிட்டால் மேடம் பார்த்துவிடுவார். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் நின்ற குரோட்டன்ஸ் செடியில் நாலு கிளை ஒடித்து வாளிக்குள் சொருகினார். சுற்றிலும் கலர்த்தாள் ஒட்டினார். பார்க்கிறவர்களுக்கு அலங்காரத் தொட்டி மாதிரியே இருந்தது. சொட்டு விழும்போதெல்லாம் ஓர் இலை மட்டும் தலையாட்டியது.

"செடியெல்லாம் வச்சிருக்கீங்களே, அழகா இருக்கு" என்றார் தில்லைநாயகி.

"எல்லாம் உங்களுக்காகத்தான் மேடம்."

காலையிலிருந்து யாரும் கொட்டாததால் வாளி கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்தடவையாக ஒருவர் அதை அழகு என்று சொல்லியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கலாம்போல இருந்தது. கூரை எதுவும் கேட்கவில்லை. தளமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாளி மறுத்திருக்கும். அவை இரண்டும் அலுத்துப்போய்ச் சும்மா இருந்தன. அதைத்தான் வாளியால் தாங்க முடியவில்லை.

மூன்று வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த அடி விரிசலை அது விட்டது.

தாரோடு அடிப்பாகம் பெயர்ந்தது. இருபது லிட்டர் தண்ணீரும் துரு நிறத்தில் தளத்தில் பரவி, தில்லைநாயகியின் செருப்பை நனைத்து, மேடை போடும் பக்கம் ஓடியது.

"ஐயய்யோ!" பிச்சைக்கனி துணியோடு ஓடிவந்தார். "செடிக்கு ஊத்துன தண்ணி மேடம். கூட ஊத்திட்டேன் போல."

தில்லைநாயகி குனிந்து கிளைகளை ஒதுக்கினார். அவருடைய புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தார். இன்னொன்று விழுந்தது.

"செடிக்கு மேலருந்தா ஊத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

ஏணி வந்தது. ஓர் ஆள் மேலே ஏறி, பேனரை விலக்கி, சட்டம் சேரும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தார். அது மறுபக்கம் போய் நின்றது. "மேடம், இரும்பே இல்ல மேடம், எல்லாம் பொடியா வருது!" என்று அங்கிருந்து கத்தினார்.

தில்லைநாயகி ஈரத்தைப் பார்க்காமல் காலரியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுலதான் நாலு டன்னைத் தொங்கவிட இருந்தோம்" என்றார். பிறகு, "எத்தனை வருஷமா ஒழுகுது?"

"ஒம்பது வருஷம் மேடம்."

"ஒம்பது வருஷமா ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

பிச்சைக்கனிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

"வாளி இருந்துச்சே மேடம்" என்றார்.

கச்சேரி தள்ளிப்போயிற்று. கண்ணாடி முகப்புக்கு ஒதுக்கிய பணம் கூரைக்குப் போனது. பழைய தகரத்தை இறக்கி, இற்றுப்போன சட்டங்களை மாற்றினார்கள். தளத்தில் உப்பிப்போன ஆறு பலகைகளைப் பிடுங்கினார்கள். நாலைந்து என்று நினைத்திருந்த தளம் ஆறாவதைப் பிடுங்கும்போது முனகியது. அதோடு சரி.

வாளியைப் பிச்சைக்கனியே இடிபாடு ஏற்றுகிற லாரிக்குத் தூக்கிப்போனார். அடியில்லாத அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திட்டினார்.

"ஒம்பது வருஷம் தாங்குன மூதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாங்க முடியலையோ? மேடம் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

வாளி தகரத்துண்டுகளுக்கு மேல் கவிழ்ந்து விழுந்தது. அதன் வழியாக வானம் தெரிந்தது.

நாலு மாதம் கழித்துத் திறப்பு விழா. காலையில் கடைசியாக ஒருதடவை சரிபார்க்கத் தில்லைநாயகி வந்தார். இந்தத் தடவை வாசலிலிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். விளக்குகளும் ஸ்பீக்கர்களும் புதுச் சட்டங்களில் அசையாமல் தொங்கின. கூரைக்கு அறுபது வருடத்தில் இல்லாத நிம்மதி. ஸ்கோர் போர்டுக்கு மேல்கோடு கிடைக்கவில்லை. காலரிக்குப் பன்னிரண்டாவது பூச்சு தப்பவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவை குறைசொல்லவில்லை.

பிச்சைக்கனி காலரியில் ஏறி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக வேலைக்காரர்களோடு சேர்ந்து இரும்பு சுமந்தவர். கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிவந்தார். வேட்டி விலகியபோது வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது தெரிந்தது.

தில்லைநாயகி பார்த்துவிட்டார்.

"கால்ல என்னங்க இது? எப்பருந்து இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

பிச்சைக்கனி சட்டென்று வேட்டியை இழுத்து மூடினார். முகம் முழுக்கச் சிரித்தார்.

"தைலம் இருக்கு மேடம். தேய்ச்சுக்கிடுதேன்."

மேலே கூரை துடித்துப்போனது. அந்தப் பேச்சு அதற்கு நன்றாகத் தெரியும். உடனே சொல்லிவிட வேண்டும், இந்த ஆளை இப்படி விட்டுவிட்டுப் போகாதே என்று அந்தப் பெண்ணின் கையில் ஒரு சொட்டாகச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தது.

ஆனால் அது இப்போது ஒழுகுவதில்லை.