மீட்டரில் இரண்டு

அடைப்பெடுக்க மேனேஜர் அனுப்பியதால், உருக்காலை உலைவாயில் வெந்து செத்தான் மாசிலாமணி. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மேனேஜர் திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அனல் வரம்பு அஞ்சு சார். மீட்டர்ல ரெண்டுதான். அவன் அஜாக்கிரதையால செத்தான்."

அங்கேயே கரி அள்ளும் அவன் மனைவி செங்கமலம் கைகூப்பினாள். "இன்னிக்கும் மீட்டரு ரெண்டுதான் காட்டுது. அவரு நின்ன எடத்துல ஐயா ஒரு நிமிசம் நின்னு காட்டட்டும். நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

"நில்லுங்களேன்" என்றார் அதிகாரி.

மேனேஜர் செங்கமலத்தின் பக்கம் சீறித் திரும்பினார். "விளையாடுறியா? மீட்டர் காட்டுறது சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டு வாட். வரம்பு சதுர மீட்டருக்கு அஞ்சு கிலோவாட். அந்தக் கணக்குக்கு மாத்திப் பார்த்தா இது இருபது! நின்னா தோல் உரிஞ்சிடும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செங்கமலம் அவரையே பார்த்தாள். "இதை அன்னிக்கு அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றாள்.