முதுகு காட்டாத தலைவன்

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, கனகவர்மர் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் கூடவே ஒரு புது ஆசையும் வண்டியேறி வந்துவிடும். அந்த முறை சம்பந்தி வீட்டுக்குப் போய்த் திரும்பியவர், கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் சபையைக் கூட்டினார்.

"சம்பந்தியின் நாட்டில் இளவட்டங்கள் கொம்பும் முரசும் தாளமுமாக வாசித்துக்கொண்டே என் யானைக்கு முன்னால் நடந்தார்கள். அத்தனை பேருடைய காலும் ஒரே காலாக விழுந்தது. நம் தெப்பத் திருவிழாவுக்கும் அப்படி ஒரு வாத்தியப் படை எனக்கு வேண்டும்" என்றார்.

ராஜா கேட்டால் மறுப்பு உண்டா? ஊரிலிருந்த வாலிபர்களையும் இளம்பெண்களையும் திரட்டினார்கள். ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்கள். உட்கார்ந்து வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நடக்கச் சொன்னால்தான் வம்பு. கொம்பு ஊதும் சாத்தப்பன் முன்னால் ஓடுவான். முரசு சுமக்கும் வெள்ளையம்மா ஆடி அசைந்து வருவாள். தாளம் தட்டுகிறவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, யாருக்காகத் தட்டுவது என்று விழிப்பார்கள். இவர்களை நடத்திச் செல்ல ஒரு தலைவன் வேண்டும். அவனுக்கு என்ன தகுதி இருக்க வேண்டும் என்று ராஜா சபையில் கேட்டார்.

"எல்லா ராகமும் தெரிந்திருக்க வேண்டும், பிரபு" என்றார் சங்கீத வித்துவான். "தொண்டை பெரிதாக இருக்க வேண்டும்" என்றார் சேனாதிபதி. மந்திரி செண்பகராயர் எழுந்து, "தலைவன் என்றால் பார்த்தவுடன் தெரிய வேண்டும், பிரபு. உயரம், மீசை, நல்ல குலம் எல்லாம் அமைய வேண்டும். தெய்வாதீனமாக அப்படி ஒருவன் என் தங்கை வயிற்றிலேயே பிறந்திருக்கிறான்" என்றார்.

தங்கை மகன் ரங்கராயனை முன்னால் நிறுத்தி ஒத்திகை நடந்தது. என்ன நடை, என்ன மிடுக்கு! நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, திரும்பிப் பார்க்காமல் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே போய்த் திரும்பினால் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. வழியில் வெள்ளையம்மாவின் முரசுவார் அறுந்துவிட்டது. பாதிப் பேர் அவளுக்காக நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் சாத்தப்பனைப் பின்தொடர்ந்து வேறு தெருவில் நுழைந்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சபையில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விகடகவி மாசிலாமணிக்கு அது மட்டும் வராது.

"மந்திரியாரே, மருமகன் நன்றாகத்தான் நடத்தினார்" என்றான் அவன். "என்ன, தன்னை மட்டும் நடத்திவிட்டார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். செண்பகராயருக்கு வயிறு எரிந்தது. இவன் ஒரு வார்த்தை பேசினால் ராஜா சிரிக்கிறார், நாம் நாள் முழுக்கப் பேசினாலும் கொட்டாவி விடுகிறார் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"பிரபு, கேலி செய்கிறவர் செய்துகாட்டட்டும்" என்றார். "எல்லோருக்கும் முன்னால் அவர் நடக்க வேண்டும். நடுவழியில் வாத்தியம் நிற்கக் கூடாது. அரண்மனை ஆசாரமும் கெடக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அவர் நாட்டை விட்டே போக வேண்டும்."

ராஜாவுக்குப் போட்டி என்றால் கற்கண்டு. "சம்மதமா?" என்றார். மாசிலாமணியும் வீறாப்பாகச் சம்மதம் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த ஆசாரம் என்ற வார்த்தை அவனுக்குச் சுரீர் என்று உறைத்தது.

சபையில் இடம் பெற்ற எவரும் ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். விடைபெற்றுப் போகும்போதுகூட ராஜாவைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வாசலைத் தாண்டுவார்கள். ரங்கராயன் சபையில் இல்லாதவன். வாத்தியம் வாசிக்கிறவர்களும் அப்படியே. அவர்கள் முதுகைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாசிலாமணி சபைக்காரன். ஊர்வலத்தில் வாத்தியப் படைக்குப் பின்னால் யானைமேல் ராஜா வருவார். படைக்கு முன்னால் நடந்தால் ராஜாவுக்கு முதுகு. நடக்காவிட்டால் தோல்வி. எப்படியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மனைவி உலகம்மை விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு எழுந்தாள்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட மாட்டீங்களா? நாட்டை விட்டுப் போன்னா எங்கங்க போறது? இந்த வீட்ட விட்டா நமக்கு நாதி ஏது?"

மாசிலாமணிக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஊரும் அதன் சண்டை சச்சரவும் சபையும் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். வேறோர் ஊரில் போய் யாரைச் சிரிக்க வைப்பது? கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அடிமேல் அடி வைத்துப் பின்னுக்கு நடந்தவன், நடை தாண்டி, படி இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டான். வந்த பிறகுதான் தான் வந்த விதத்தைக் கவனித்தான். உடனே முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் வாத்தியப் படைக்கு முன்னால் போய் நின்று, அவர்களைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்க ஆரம்பித்தான்.

"அய்யா, இப்படிப் போனா சாக்கடையிலதான் விழுவீங்க" என்றாள் வெள்ளையம்மா.

"விழாம பாத்துக்கிறது உன் பாடு, தாயி. எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. இப்ப வழியும் தெரியாது. பள்ளம் வந்தா முரசுல ரெண்டு தட்டு சேத்துத் தட்டு."

"அப்ப நான் என்ன செய்ய?" என்றான் சாத்தப்பன்.

"திருப்பம் வந்தா கொம்ப இழுத்து ஊது. நீ ஓடி வந்தா என் மூக்கு உடையும், அத மட்டும் மனசுல வச்சுக்கோ."

முதல் நாள் அவன் சாக்கடையில் விழுந்தான். அடுத்த நாள் ஒரு பானைக்கடைக்குள் விழுந்தான். வாத்தியப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிராய்ப்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றவனைப் பார்த்ததும் அவர்களுக்குப் பாவமாகப் போய்விட்டது. அப்புறம் ஒரு கண் எப்போதும் அவன்மேல் இருந்தது. சாத்தப்பன் ஓட்டத்தை விட்டான். மாசிலாமணிக்கோ அவர்கள் முகத்தைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய வார் தளர்கிறது என்று தெரிந்ததும் காலடியைக் குறுக்குவான். அவன் குறுக்கினால் படை முழுவதும் குறுக்கும். இப்படியே நாளடைவில் அத்தனை காலும் ஒரே காலாகிவிட்டது.

தெப்பத் திருவிழா வந்தது. யானைக்குப் பின்னால் மந்திரிமார் வரிசை, அவர்களோடு ரங்கராயனும். முதுகு தெரிந்ததும் கூச்சல் போடுவதற்காகச் செண்பகராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். மாசிலாமணி ராஜாவைப் பார்த்துக் கைகூப்பியபடி, எல்லோருக்கும் முன்னால், பின்னுக்கு நடந்து போனான்.

"இது என்ன கூத்து?" என்றார் ராஜா.

"முன்னால் நடக்கச் சொன்னார்கள், நடக்கிறேன். முதுகு காட்டக் கூடாது என்பது ஆசாரம், காட்டவில்லை. பின்னுக்கு நடக்கத்தான் தங்கள் சபையில் இத்தனை வருஷம் பழகியிருக்கிறேனே, பிரபு."

ராஜா சிரித்துக்கொண்டே யானையை நடத்தச் சொன்னார். செண்பகராயர் விடுவாரா? வேலைக்காரனைக் குறுக்கு வழியில் ஓடவிட்டு, தேரடி முடுக்கைத் திரும்பியதும் வரும் ஒடுங்கிய தெருவில் தம் பல்லக்கைக் குறுக்கே இறக்கி வைக்கச் செய்தார்.

கொம்பு முழங்க, முரசு அதிர, படை முடுக்கில் திரும்பியது. திரும்பிய மாத்திரத்தில் அத்தனை சத்தமும் ஒன்றாக நின்றது. ஒரு தாளம்கூட மிச்சம் ஒலிக்கவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் மாசிலாமணியும் நின்றான். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் பல்லக்குக் கொம்பில் பின்மண்டை மோதியிருக்கும்.

"பிரபு, நடுவழியில் வாத்தியம் நின்றுவிட்டது" என்றார் செண்பகராயர். "இனி அவர் நாட்டில் இருக்கக் கூடாது."

ராஜாவின் முகம் சுருங்கியது. "யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல, மகாராசா" என்றாள் வெள்ளையம்மா. "நாங்க நிக்கலேன்னா அய்யாவும் நின்னிருக்க மாட்டாரு. மண்டை ஒடஞ்சிருக்கும்."

"வாத்தியம் நின்றால் அவன் ஊரை விட்டே போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மகாராசா" என்றான் சாத்தப்பன். "மண்டை ஒடஞ்சு இங்க கெடக்கறதுக்கு, முழுசா வேற ஊர்ல இருக்கட்டும்னு நெனச்சோம். நாங்களும் கூடவே போயிருவோம்."

மாசிலாமணி தூக்கிய காலைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பழைய நாக்கு திரும்பி வந்தது.

"பிரபு, நடுவழியில் நிற்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை. தாங்களே பாருங்கள், பல்லக்குக்கு அந்தப் பக்கம் போக வழி இருக்கிறதா? வழி இங்கே முடிந்துவிட்டது. வழி முடிந்த இடத்தில் நிற்பது எப்படி நடுவழியில் நின்றதாகும்?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பல்லக்கில் பொறித்திருந்த செண்பகப்பூவையும் பார்த்துவிட்டார். மெல்லத் தலையைத் திருப்பி, "செண்பகராயரே, நான் வழி பார்க்காமல் ஒரு பள்ளத்தை நோக்கிப் போனால் நீர் என்ன சொல்வீர்?" என்று கேட்டார்.

மந்திரிக்குப் பழக்க தோஷம். யோசிக்காமல், "பிரபு எங்கே அடி வைத்தாலும் அதுவே ராஜபாட்டை" என்றார்.

யானை குலுங்கும்படி ராஜா சிரித்தார். "பல்லக்கை மாமனும் மருமகனுமே தூக்கி ஓரமாக வையுங்கள்" என்று உத்தரவிட்டு, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மாசிலாமணிக்கு எறிந்தார். "இனி இந்தப் படைக்கு என்றைக்கும் நீதான் தலைவன்."

"அதை அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிரபு" என்றான் மாசிலாமணி.

ராஜா கேட்பதற்குள் வெள்ளையம்மா முரசை அடித்துவிட்டாள்.