அஞ்சுகமும் அப்புறக் குடமும்

முன்னொரு காலத்தில், மேகங்கள் மலையை விட்டு இறங்கி வந்து மனிதர்களிடம் ஊர் நலம் விசாரித்துவிட்டுப் போன காலத்தில், மகிழவனம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு வாகைமாறன் ராஜா. நல்ல மனசுக்காரர், சிரித்த முகம். ஆனால் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதை முடிப்பதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒரு நாள் அவருடைய சபைக்கு மந்தகேசி என்ற மந்திரவாதி வந்தான். தலை முழுக்க வெள்ளை, முதுகு கூன், கையில் ஒரு செப்புக் குடம்.

"மகாராஜா, உங்களுக்குப் பிடிக்காத வேலை எதுவானாலும் இந்தக் குடத்தின் வாயில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு 'அப்புறம்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வேலை குடத்துக்குள் போய்விடும், பாரம் உங்கள் மனசை விட்டுப் போய்விடும்" என்றான்.

"இதற்கு உனக்கு என்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம் மகாராஜா. உங்கள் சந்தோஷம் போதும்."

ராஜா குடத்தருகே குனிந்தார். "பெரிய ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது, அதை அடைக்க வேண்டும். அப்புறம்!" என்றார். குடம் 'களுக்' என்று ஒரு சத்தம் போட்டு விழுங்கியது. ராஜாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த நேரத்தில் மந்தகேசியின் தலையில் ஒரு முடி கறுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. சனங்கள் வரிசை கட்டி வந்தார்கள். ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும், அப்புறம். கோபித்துக்கொண்டு போன தம்பியைப் போய்ப் பார்க்க வேண்டும், அப்புறம். ஆடும் பல்லைப் பிடுங்க வேண்டும், அப்புறம். களுக், களுக், களுக் என்று குடம் விழுங்கிக்கொண்டே இருந்தது. ஊர் ஆடிப் பாடியது. மந்தகேசியின் முடி கறுத்தது, கூன் நிமிர்ந்தது. அவன் தின்றதெல்லாம் மனிதர்கள் தள்ளிப்போட்ட பொழுதைத்தான்.

இப்படியே மூன்று வருஷம் போனது. ஒரு காலை வேளையில் குடம் தாங்க மாட்டாமல் வெடித்தது. உள்ளே போன வேலைகளெல்லாம் பூதங்களாக வெளியே வந்தன. ஆளுக்கொரு பூதம் அல்ல, ஆளுக்கு அறுபது எழுபது. "என்னைப் பார்! என்னைப் பார்! என்னைப் பார்!" என்று எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் திரும்பியவர்கள் திரும்பியபடியே கல்லாகிப் போனார்கள். ராஜா சிம்மாசனத்தில் கல். கடைவீதியில் நின்றவர்கள் நின்ற இடத்தில் கல்.

இனிமேல்தான் நம்முடைய அஞ்சுகம் வருகிறாள்.

ஊருக்கு வெளியே, மூன்று பாதைகள் கூடும் இடத்தில் சத்திரம் நடத்தி வந்தவள் அவள். பொழுது விடிந்தால் வண்டிக்காரனுக்குக் கஞ்சி வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும், காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கஷாயம் வேண்டும். எல்லாரும் ஒன்றாகத்தான் கூப்பிடுவார்கள். அவள் பதறி யாரும் பார்த்ததில்லை. கஷாயத்தை அடுப்பில் ஏற்றி, அது கொதிப்பதற்குள் குதிரைக்குப் புல்லைப் போட்டு, வண்டிக்காரனைப் பார்த்து "உங்களுக்குத்தான் அண்ணே அடுத்தது" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பி அவனும் பேசாமல் காத்திருப்பான். அவள் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காதவர்கள் உண்டு.

அன்றைக்கு அவள் புருஷன் மருதப்பன் உப்பு வாங்க ஊருக்குள் போயிருந்தான். போனவன் திரும்பவில்லை. ஒரு வளையல்காரர்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, ஊரே கல்லாகிப் போச்சு! மதில் மேலிருந்து பார்த்தேன். உங்க வீட்டுக்காரரும் கடைவீதியில உப்பு மூட்டையோட கல்லா நிக்கிறாரு!"

அஞ்சுகத்துக்கு உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவினாள்.

"அண்ணே, அடுப்பில சோறு இருக்கு. இறக்கி வடிச்சிடுங்க. வர்றவங்களுக்குப் போடுங்க. நான் போயிட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊர்வாசலில் கால் வைத்ததும் பூதங்கள் சூழ்ந்துகொண்டன. "என்னைப் பார்! என்னைப் பார்! என்னைப் பார்!"

அஞ்சுகம் ஓடவில்லை, காதைப் பொத்தவுமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கையை உயர்த்தினாள்.

"எல்லாரையும் கேட்பேன். ஆனா ஒருத்தர் பேசும்போது அந்த ஒருத்தரைத்தான் பார்ப்பேன். முதல்ல யாரு?"

இப்படி ஒருவரும் அவற்றிடம் பேசியதில்லை. பூதங்கள் ஒன்றையொன்று பார்த்து விழித்தன. கோபுர உயரத்தில் மயிற்பீலி சூடிய பூதம் ஒன்று முன்னால் வந்தது. "நான்தான் பெரியவன்! ராஜாவோட கட்டிலுக்கு வைரத்தில கால் செய்யணும்!"

"சரி ராசா. இன்னிக்கு உன்னைச் செய்யலைன்னா யாருக்கு என்ன ஆகும்?"

பூதம் யோசித்தது. தலையைச் சொறிந்தது. "கட்டில்... இப்ப இருக்கிற கால்லயே நிக்கும்."

"அப்போ நீ போகலாம்."

'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய பூதம் புகையாகிப் போனது. அதைப் பார்த்து வாயாடிப் பூதங்கள் பல தாமாகவே நழுவிப் போயின.

அடுத்தது தலையில் ஒழுகும் கூரையோடு வந்தது. "வாத்தியார் வீட்டுக் கூரை நான். மழைக்காலத்துக்குள்ள மாத்தணும்."

"நீ முக்கியந்தான். ஆனா இன்னிக்கே இல்ல. அந்தத் தூண் பக்கத்துல உட்காரு. உன்னை மறக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பூதம் சமத்தாகப் போய் உட்கார்ந்தது. அஞ்சுகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இவை கோபத்தில் கத்தவில்லை. மறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கத்துகின்றன. அதன்பிறகு அவளுக்கு அவற்றின் மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். போகச் சொல்ல வேண்டியதைப் போகச் சொன்னாள், உட்காரச் சொல்ல வேண்டியதை உட்காரச் சொன்னாள். ஊர் மெல்ல மெல்ல அமைதியானது.

அந்த அமைதியில்தான், மதில் ஓரமாக, உடம்பெல்லாம் சேறாக, யானை அளவுக்குப் பெரிய பூதம் ஒன்று வாய் திறக்காமல் நிற்பதை அவள் பார்த்தாள்.

"நீ ஏன் கத்தலை?"

"கத்திக் கத்தி ஓஞ்சு போயிட்டேன் தாயே. குடத்துக்குள்ள முதல்ல விழுந்தவன் நான்தான். பெரிய ஏரிக்கரை உடைப்பு."

"இன்னிக்கு உன்னைச் செய்யலைன்னா?"

பூதம் மலைப் பக்கம் கையைக் காட்டியது. அங்கே வானம் மையைக் கரைத்து ஊற்றினாற்போல் கறுத்திருந்தது. "சாயங்காலம் வெள்ளம் வரும். கல்லா நிக்கிற அத்தனை பேரும் தண்ணிக்குள்ள போயிடுவாங்க."

"இவங்களை எப்படி எழுப்புறது?"

"பல குரல் கேட்டுக் கல்லானவங்க. ஒரே குரல் வந்து, இப்பவே செய்ய வேண்டிய ஒரே வேலையைக் காதுல சொன்னா உயிர் வரும். ஆனா அந்த வேலை அவங்களால ஆகிற வேலையா இருக்கணும்."

அஞ்சுகம் கடைவீதிக்கு ஓடினாள். அங்கே மண்வெட்டும் ஆட்கள் கூட்டமாகக் கல்லாக நின்றார்கள். அவர்களுக்கு இரண்டடி தள்ளி மருதப்பன், தோளில் உப்பு மூட்டை, வாசலைப் பார்த்த கண்கள். அவளுடைய கால்கள் தாமாக நின்றுவிட்டன.

"எழுப்பு பெண்ணே, முதலில் அவனை எழுப்பு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இனித்தது. கன்னங்கரேல் என்ற முடியோடு, மாப்பிள்ளை மாதிரி மந்தகேசி நின்றான். "எவ்வளவு களைத்துவிட்டாய்! புருஷனோடு நிழலில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசு. ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

அவளுக்கு அது எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கையை நீட்டி மருதப்பனின் கன்னத்தைத் தொட்டாள். கல் சில்லென்றிருந்தது. அவனுக்கு ஒரு கால் ஊனம். மண் சுமக்க அவனால் ஆகாது. பொய்யாக ஒரு வேலை சொன்னால் அவன் எழுந்திருக்கவும் மாட்டான்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. இதோ வந்திடறேன்" என்று அவன் காதில் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டுக்காரர்களின் தலைவன் கொப்பையனிடம் போனாள்.

"கொப்பையண்ணே, ஏரிக்கரையில ஒரு கூடை மண்ணைப் போடுங்க."

முழு ஏரியைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரு கூடை மண்தான். கல்லின் உதடு அசைந்தது. "ஒரு கூடைதானே?" என்றபடி கொப்பையன் எழுந்தான். அவன் அடுத்தவன் காதில் சொன்னான், அடுத்தவன் அதற்கடுத்தவன் காதில் சொன்னான். கடைவீதியே கூடையும் மண்வெட்டியுமாகக் கிளம்பியது.

ஒரு கூடை விழுந்தது, சேற்றுப் பூதம் கொஞ்சம் சிறுத்தது. இன்னொரு கூடை விழுந்தது, இன்னும் கொஞ்சம் சிறுத்தது. அஞ்சுகமும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுமந்தாள். யார் வெட்டுவது, யார் சுமப்பது, யார் மிதித்து இறுக்குவது என்று சொல்லிக்கொண்டே சுமந்தாள். ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை, ஒரு கை சும்மா நிற்கவில்லை. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. கரையில் நின்ற மந்தகேசியின் தலை மட்டும் நரைத்துக்கொண்டே வந்தது.

"கொஞ்சம் உட்காருங்களேன்!" என்று கெஞ்சினான். யாரும் திரும்பவில்லை. "நாளைக்குச் செய்யலாமே!" என்றான். யாரும் திரும்பவில்லை. "ஐயோ, ஒரே ஒரு 'அப்புறம்' சொல்லுங்களேன்!" என்று கதறினான். அதற்கும் யாரும் திரும்பவில்லை.

கடைசிக் கூடை விழுவதற்கும் மழை விழுவதற்கும் சரியாக இருந்தது. மலையிலிருந்து வெள்ளம் உருண்டு வந்து கரையில் மோதியது. கரை அசையவில்லை. சேற்றுப் பூதம் ஒரு மண்ணாங்கட்டி அளவுக்குச் சிறுத்து, அவளைக் கும்பிட்டுவிட்டுக் கரையோடு கரையாகக் கலந்துபோனது.

மந்தகேசி பல்லில்லாத கிழவனாகச் சேற்றில் கிடந்தான். மண்வெட்டுக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "இவனை அடிச்சே கொல்லணும்!"

"பெண்ணே, காப்பாற்று! ஒரே ஒரு வேலையாவது தள்ளிப்போடு, இல்லாவிட்டால் என் உயிர் போய்விடும்!"

அஞ்சுகம் அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி ஐயா. உங்களை அடிக்கிற வேலையை அப்புறம் பார்த்துக்கிறோம். போங்க."

அந்த ஒரே ஒரு 'அப்புறம்' தந்த உயிரில் மந்தகேசி எழுந்து ஓட்டம் பிடித்தான். எப்போது திரும்ப வந்தாலும் அடி காத்திருக்கிறது என்று தெரிந்ததால் அவன் அந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மழையில் நனைந்தபடி அஞ்சுகம் மருதப்பனிடம் ஓடினாள். மூச்சு வாங்கியது. அவன் காதோடு சொன்னாள்: "ஏங்க, உப்பு நனையுது. கொஞ்சம் நகருங்க."

மருதப்பன் திடுக்கிட்டு மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டு கூரைக்குள் நொண்டி நொண்டி ஓடினான். "ஏன் அஞ்சுகம் அழுவுறே? நீ எப்ப வந்தே?" என்று கேட்டான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

உட்கார்ந்திருந்த பூதங்களின் வேலைகளை ஒவ்வொன்றாக அவரவர் காதில் சொல்லி மற்றவர்களையெல்லாம் எழுப்பி, கடைசியாக ராஜாவையும் எழுப்பினார்கள். நடந்ததைக் கேட்ட வாகைமாறன் வெட்கத்தில் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, என் நாட்டைக் காப்பாற்றினாய். பொன் தரட்டுமா? மந்திரி பதவி தரட்டுமா? பாதி ராஜ்யம் தரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம் மகாராஜா. கல்யாணமான நாளிலிருந்து நானும் இவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து சும்மா இருந்ததில்ல. ஒரு நாள் எங்க சத்திரத்தைப் பார்த்துக்க ஆள் வேணும்."

ராஜாவுக்கு 'அப்புறம்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"நாளைக் காலையில் நானே வருகிறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மறுநாள் மகிழவனத்து ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். நிரம்பித் தளும்பிய ஏரியின் கரையில், மருத மர நிழலில், அஞ்சுகம் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மருதப்பன் வேர்க்கடலையை உரித்து உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அன்றைய பொழுது முழுவதும் அவளுடையதாக இருந்தது. கதை கேட்ட உங்களுக்கும் அப்படி ஒரு பொழுது வாய்க்கட்டும்!