குறைந்துபோன உயரம்

குழந்தைகள் மருத்துவமனையில் ரெஜினா டாக்டரிடம் எழிலன் பயிற்சிக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று காலை ஒரு பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்தவனுக்குத் திக்கென்றது. ஆறு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

பிள்ளையின் பெயர் பூவிழி. ஒன்பது வயது. தண்டுவடம் சரியாக மூடாமல் பிறந்தவள். காலுக்குத் தாங்குபட்டை கட்டித்தான் நிற்பாள். அவள் வளர வேண்டும் என்று அம்மா சந்தனமாரி தினமும் தன் கையாலேயே ஹார்மோன் ஊசி போட்டு வந்தாள்.

மறுபடி அளந்தான். மாற்றமில்லை. பதற்றத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"ஊசி வேலையே செய்யலை. வளரவே இல்லை."

சந்தனமாரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். பூவிழிதான் கேட்டாள்.

"ஊசி போடறப்ப நான் அழுதேன். அதனாலயா?"

எழிலன் எழுந்து போய், பிள்ளை கேட்டதுவரை எல்லாவற்றையும் ரெஜினாவிடம் சொல்லி அவரை அழைத்து வந்தான்.

அவர் சுவர்ப் பக்கம் போகவே இல்லை. பூவிழியை உட்காரவைத்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். ஒரு கைவிரல் நுனியிலிருந்து மறு கைவிரல் நுனிவரை நாடாவைப் பிடித்தார். சென்ற முறையைவிட நான்கு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

"அப்ப உயரம் எங்கே போச்சு, மேடம்?"

ரெஜினா பிள்ளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, எழிலனின் விரலை எடுத்து அவள் முதுகெலும்பின் மேல் வைத்தார். கீழே இறங்கிய விரல் பாதியில் வலப்பக்கம் வளைந்து போயிற்று. இரண்டு தரம் அளந்தவன் முதுகை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளை வளர்ந்துதான் இருக்கிறாள், முதுகு வளைந்ததால் உயரத்தில் அது தெரியவில்லை என்று ரெஜினா சந்தனமாரிக்கு நிதானமாக விளக்கினார். வேகமாக வளர்ந்தால் வளைவும் கூடக்கூடும் என்பதால், எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டர் பார்க்கும்வரை ஊசியை நிறுத்திவைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் எழிலன், தான் சரியாகத்தான் அளந்ததாக மெல்லச் சொன்னான்.

"ஆமா, சரியாத்தான் அளந்தே."

"அந்தம்மாகிட்ட எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க. இனி நான் என்ன செய்யட்டும், மேடம்?"

ரெஜினா அறைக் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தார்.

"பிள்ளை உன்கிட்ட ஒண்ணு கேட்டாளே. அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலை."